நடுவில் குந்திய டங்ஸ்டன்

அணு இணைவு உலையின் காந்த வேலிக்குள் சுழன்ற நெருப்பு வாயுவின் நடுவே, உலைச் சுவரிலிருந்து பெயர்ந்து வந்த டங்ஸ்டன் அணு ஒருவன் சட்டமாய் உட்கார்ந்து, இருந்த சூட்டையெல்லாம் ஒளியாக்கி வெளியே இறைத்துக்கொண்டிருந்தான். இப்படியே போனால் நெருப்பு அணைந்துவிடும். அங்கே எரிய வந்திருந்த ஹைட்ரஜன்காரிக்குப் பொறுக்கவில்லை. சூடேற்ற வெளியிலிருந்து வந்த நுண்ணலையிடம் மல்லுக்கு நின்றாள்.

"அண்ணே, நடுவுல சூடு போடுங்க! இந்தத் தடியன் தானா ஓடுவான்."

"போடலாம். ஆனா சூடு ஏறினா அங்க கொந்தளிக்கும். கொந்தளிப்பு ஆள் பார்க்காதும்மா."

"நியாயம் கேட்டவளுக்கு என்ன வந்துடப் போகுது? போடுங்க!"

அலை சூடு போட்டது. கொந்தளிப்பில் டங்ஸ்டன் உருண்டு ஓரத்துக்குப் போனான். அவள் சிரிக்க வாய் திறப்பதற்குள் அதே கொந்தளிப்பு அவளையும் தூக்கி அங்கேயே எறிந்தது.

"கேட்டதே நான்தானே! என்னையுமா?"

"ஆமா தங்கச்சி," என்றான் பக்கத்தில் கிடந்த டங்ஸ்டன். "நீ கேட்ட மாதிரியே நடுவுல நல்லா எரியுது, பாரு."