காத்தாயியின் அம்பு

"இனிமே நம்ம வாட்ஸ்அப் குரூப்புல யாரும் அம்புக்குறி போடக் கூடாது. இதுதான் தீர்மானம்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நெடுமாறன் சொல்லிவிட்டு, வாய்க்கால் சங்கக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தினமும் காலையில் அதே குரூப்பில் ஏழு ரோஜாவும் இரண்டு புறாவும் போடுகிறவர் அவர்தான். அதெல்லாம் இலக்கியத்தில் சேர்த்தி போலிருக்கிறது.

அம்பு போடுகிறவள் காத்தாயி. கடைமடை ஊர்; காவிரித் தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு. வந்த தண்ணீரை ஷட்டர் திறந்து முறை வைத்து விடுவது அவள் வேலை. மறுநாள் முறையை முதல் நாள் சாயங்காலமே குரூப்பில் போட்டுவிடுவாள்.

↑ → 6

காலை ஆறு மணிக்கு ஷட்டர் ஏறும், தண்ணீர் வலது வாய்க்காலுக்குப் போகும். அவ்வளவுதான் செய்தி.

"இது மெசேஜா, வில்வித்தையா? ரெண்டு வார்த்தை தமிழ்ல எழுத முடியாதா உனக்கு?" என்றார் நெடுமாறன்.

"எனக்கு எழுத்து வராதுங்க ஐயா."

"வாய்ஸாவது போடலாம்ல?"

"வாய்ஸ் போடக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதானேங்க தீர்மானம் போட்டீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெடுமாறனுக்குச் சுருக்கென்றது.

"எழுத்தே வராத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை? என் தங்கச்சி மகன் பரணிதரன் பி.ஏ. முடிச்சிட்டு வீட்லதான் இருக்கான். ஒரு வாரம் அவன் பார்க்கட்டும். சரியா வந்தா அவனுக்கே கொடுத்துடுவோம்."

அந்த வேலையின் சம்பளத்தில்தான் காத்தாயியின் மகள் எழில்மொழியின் நர்சிங் படிப்பு ஓடுகிறது.

எல்லோரும் தலைவர் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்கள். இருபது ஏக்கர், சட்டைப்பையில் இரண்டு பேனா, சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகள். பெரிய வீட்டில் அவர் மட்டும்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வாத்தியார் சொல்றது நியாயம்தான். தமிழ்நாட்டுல தமிழ்லதான் எழுதணும். கைநாட்டுங்க கையில பொறுப்பைக் கொடுத்தா இப்படித்தான்."

கூட்டம் சிரித்தது. காத்தாயி தலைவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அன்று சாயங்காலமே பரணிதரன் எழுதினான்.

'மதிப்பிற்குரிய பாசனதாரர்களே! நாளைக் காலை 6 மணிக்கு வலது வாய்க்காலில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் திறக்கப்படும். நாற்றங்கால் விட்டிருப்பவர்கள் தத்தம் மடைகளை அடைத்து வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

நெடுமாறன் 'அருமை' என்று எழுதி ஒன்பது ரோஜா போட்டார்.

காலையில் எல்லா மடையும் அடைபட்டிருந்தது, தலைவருடையதைத் தவிர. அவரே ஆறு மணிக்குப் போய் அகலமாகத் திறந்து வைத்திருந்தார். இரண்டு நாள் முன்பு தெளித்த முளைவிதை அத்தனையும் மிதந்து, வரப்பைத் தாண்டிப் பக்கத்திலிருந்த நெடுமாறன் வயலில் ஒதுங்கியது.

மறுபடியும் கூட்டம்.

"மெசேஜைப் பார்க்கலீங்களா தலைவரே?"

"கண்ணாடியை எங்கியோ வச்சிட்டேன்யா! அது மெசேஜா, கல்யாணப் பத்திரிகையா? இவ்ளோ நீளத்துக்கு எழுதினா எவன் படிப்பான்?" தலைவர் பரணிதரன் மேல் பாய்ந்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டார். "பாவம்யா காத்தாயி. படிக்காத பொம்பளை. எழுத்து வரலேங்கிறதுக்காக ஏழை வயித்துல அடிக்கிறதா? அவளே பார்க்கட்டும். அம்பே போடட்டும்."

கைதட்டல் எழுந்தது. "தலைவருக்குத் தங்கமான மனசு" என்று முதலில் சொன்னவர் நெடுமாறன்தான்.

காத்தாயி கும்பிட்டாள். "நல்லதுங்க ஐயா."

விஷயம் கேள்விப்பட்டு, விடுமுறைக்கு வந்திருந்த எழில்மொழி வீட்டில் குதித்தாள்.

"ஏம்மா, ஹாஸ்டல்ல இருக்கிற எனக்கு வாட்ஸ்அப்புல ரெண்டு பக்கம் திட்டி எழுத உனக்குத் தெரியுது. அங்க போய் எழுத்து வராதுன்னு கை கட்டி நிக்கிற! வேலையே போயிருக்கும்ல?"

"எனக்கு வரும்டி. தலைவருக்குத்தான் வராது."

எழில்மொழி வாயைப் பிளந்தாள். "அவரா? உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி, நம்மூருல எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வகுப்பு வச்சாங்க. இவரும் சிலேட்டும் கையுமா வாசல் வரைக்கும் வந்தாரு. பாயில நான் உக்காந்திருக்கிறதைப் பார்த்தாரு. 'சும்மா மேற்பார்வை பார்க்க வந்தேன்'னு சொல்லிட்டு அப்படியே திரும்பிட்டாரு."

"அப்ப இன்னிக்குக் கூட்டத்துல இதைப் போட்டு உடைச்சிருக்க வேண்டியதுதானே! உன்னைக் கைநாட்டுன்னாரே!"

"உடைச்சா? இந்த வயசுல அந்த மனுசன் மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்குவாரு?"

காத்தாயி போனை எடுத்தாள். மறுநாள் முறையைப் போட்டாள்.

↑ ← 7

அடுத்த நொடியே தலைவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

"அன்னிக்குப் பாயில என் பக்கத்துல இடம் காலியாத்தான் கிடந்துச்சு" என்றாள் காத்தாயி. "உக்காந்திருந்தாருன்னா, இன்னிக்கு இந்த அம்பே தேவைப்பட்டிருக்காது."