பறக்கும் கண்ணுக்குத் தடை

பூங்கோதைக்குப் பார்வை கிடையாது. தலைக்கு மேலே பறக்கும் சின்ன டிரோன்தான் எதிரே இருப்பதையெல்லாம் அவள் காதில் சொல்லும். அவர்கள் சுற்றிப் பார்க்க வந்த மலைநாட்டிலோ வெளிநாட்டுக்காரர் யாரும் கேமரா டிரோன் பறக்கவிடக் கூடாது. விமான நிலையத்திலேயே அதிகாரிகள் அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் நின்றபோது அவள் சலித்துக்கொண்டாள். "இத்தன தூரம் வந்ததே வீணுங்க."

வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத கணவன் சென்னியப்பன் கனைத்துக்கொண்டான். "மலை பெருசா இருக்குது."

"அப்புறம்?"

"மேகம், பொங்குன மாவு மூடியத் தள்ளிட்டு வர்ற மாதிரி வருது."

அவள் சிரித்தாள். "அப்புறம்?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "குளுருல உன்ற மூக்கு செவந்திருக்குது. சிரிச்சா எடது கன்னத்துல மட்டும் குழி விழுகுது."

டிரோன் ஒருநாளும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலை கெடக்கட்டும். இதையே இன்னுஞ் சொல்லுங்க."