பசைக்குள் ஒரு வரி

நிச்சயம் முடிந்து கல்யாணம் வரையிலான எட்டு மாதமும் உலகநாதன் காந்திமதியிடம் இன்லேண்ட் லெட்டரில்தான் பேசினான். கடைசி வரியை மட்டும் பசை ஒட்டுகிற மடிப்புக்குள் எழுதுவான். கிழித்தால் அந்த வரி போய்விடும் என்று அவள் சோற்றுப்பானை ஆவியில் காட்டிப் பிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆளையே காணோம். வீட்டில் இருந்தவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். கூப்பிட்டால் "ம்" என்றான். "என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நாற்பதாம் நாள் அவள் ஓர் இன்லேண்ட் வாங்கி, "எனக்கு எழுதினவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று எழுதி, அவன் பேருக்கு, அதே வீட்டு முகவரிக்கே தபாலில் போட்டாள். அது வந்து சேர்ந்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் அதைப் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனான்.

நான்கு நாள் கழித்து அவன் வேலைக்கே போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்குத் தபால்காரர் அவள் பேருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவள் அடுப்படிக்குப் போய், கொதிக்கும் பானைக்கு மேல் அதைப் பிடித்தாள். பின்னாலேயே அவனும் வந்து நின்றான். அங்கே அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"கை சுட்டுடப் போவுது."

"சுட்டா சுடட்டும். உள்ள என்னன்னு தெரியணும்ல?" என்றாள், திரும்பாமல்.

பசை இன்னும் இளகவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.