மூன்று தட்டு

அந்த அமோனியா ஆலையில் புதியவர்களுக்கு, விபத்தே இல்லாமல் வேலை பார்த்த பழைய ஆள் ஒருவரின் கைப்பழக்கத்தை ஏற்றிய, அதன்படி கையைத் தானே நகர்த்தும் கையுறை தருவார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். கணவர் லாரன்ஸ் இறந்தபின் அவர் வேலைக்கே வந்தவள் ரெஜினா.

"சீக்கிரம் வால்வைத் திறம்மா" என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். கையுறை அவள் கையை வால்வுக்கு விடவில்லை. பிரஷர் கேஜை மூன்று முறை தட்டியது. சிக்கியிருந்த முள் சிவப்புக்கு எகிறியது. சூப்பர்வைசர் ஓடிப்போய் வேறொரு வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தார்.

ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே கிளம்பும்போதெல்லாம் லாரன்ஸ் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். "உங்களால இன்னைக்கும் பஸ் போச்சு" என்று அவள் எரிந்து விழாத நாளில்லை.

முள் மெல்ல இறங்கியது. கை மறுபடியும் தட்டப் போனது.

"நல்லா பாருங்க" என்றாள் மெதுவாக. "பஸ் போனா போகட்டும்."