கம்பிக் கதவு

“அவன் எழும்பி நின்னு, திரும்பிப் படுக்கணும் மகன். அந்தளவுக்கு உள்ள எடம் இரிக்கா?”

நூருன்னிஸா கைபேசியை முகத்தருகே பிடித்திருந்தாள். திரையில் அவளுடைய மருமகன் றினோஸ் மாத்தளைக் கடையொன்றில் நின்று, பூனை கொண்டுபோகும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். வெள்ளைச் சேலையின் முந்தானை நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

“இதுல நானே படுக்கலாம் மாமி. மேல் மூடி தனியாக் கழரும். டொக்டர் அவன வெளிய இழுக்காமலே பார்க்கலாமாம்.”

“கதவு கம்பிதானே? துணிப் பை வாணாம். ஒரே கீறுல கிழிச்சிட்டு வந்துடுவான்.”

அவளுடைய கணவர் மக்கீன் மௌத்தாகி நாற்பத்தொரு நாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைத் தாண்டாமல் இருக்கும் இத்தாவில் அவள் இருந்தாள். மக்கீனின் மடியிலேயே வளர்ந்த கறுப்புப் பூனை கராம்புவோ, மூத்திரம் போக முடியாமல் நேற்றிலிருந்து முனகிக்கொண்டிருந்தது.

“நானும் ஆட்டோவுக்குள்ளயே இருந்துட்டு வந்துடுறேனே,” என்று காலையில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“பூனைக்காக இத்தாவ முறிக்கப் போறீங்களா மதினி?” என்றாள் மக்கீனின் தங்கை ஸரீனா. “நாளைக்குப் பலாபத்வல சந்தியில இதுதான் பேச்சு.”

நூருன்னிஸா அடங்கிப்போனாள். பேசி எதையும் வென்ற பழக்கம் அவளுக்கு இல்லை. பேசாமல் இருந்து வென்றதாகவும் நினைவில்லை.

பெட்டி வந்தது. மக்கீனின் உடுப்பையெல்லாம் எப்போதோ ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. கட்டம் போட்ட ஒரு சாரனை மட்டும், துவைக்காமல், தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதை எடுத்துப் பெட்டிக்குள் விரித்தாள்.

“உம்மா, இது வாப்பாட சாரனில்லியா?” மகள் றிஸ்னா திகைத்தாள்.

“வாப்பாட வாசம் இருந்தா அவன் பயப்பட மாட்டான்.” பிறகு றினோஸிடம் திரும்பினாள். “கழுவிடாதீங்க மகன். அப்படியே கொண்டுவந்து தாங்க.”

பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, திறந்த கதவு மேலே பார்க்க, கராம்புவின் பின்னங்கால்களை முதலில் உள்ளே இறக்கினாள். அது முன்னங்கால்களால் விளிம்பைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. அந்த நகங்களை ஒவ்வொன்றாக விடுவித்ததும் அவள்தான், கதவைப் பூட்டியதும் அவள்தான். கம்பிக்குப் பின்னால் இருந்த இரண்டு மஞ்சள் கண்கள் அவளையே பார்த்தன.

ஆட்டோ வளைவில் மறைந்த பிறகும் ஜன்னல் திரையை விட்டு அவள் நகரவில்லை. திரையின் இந்தப் பக்கத்திலிருந்து துஆ கேட்கலாம். வேறு என்ன செய்ய ஏலும்?

பூனையை வைத்தியரே வைத்துக்கொண்டார். றினோஸ் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முதல் நாள், “குழாய் போட்டிரிக்காங்க மாமி,” என்றான். மறுநாள், “ரெண்டு நாள் போகணுமாம்.”

மூன்றாம் நாள் அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான். “சுகமாகிட்டான் மாமி. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாறேன்.” சொல்லிவிட்டு உடனே முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, பெட்டியோடு வந்தான். கம்பிக் கதவைத் திறந்ததும் கறுப்புப் பூனை சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. ஸரீனா வைத்த மீன் துண்டை ஒரே மூச்சில் தின்றது.

“பார்த்தீங்களா மதினி?” ஸரீனாவின் குரலில் வெற்றி இருந்தது. “நீங்க போகாததால என்ன கெட்டுப்போச்சு? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி, அல்ஹம்துலில்லாஹ்.”

நூருன்னிஸா பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். பழைய பத்திரிகைத் தாள் மட்டும் கிடந்தது.

“சாரன் எங்க மகன்?”

“அது... ஊத்தையாகிட்டு மாமி. அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். மன்னிச்சிக்கோங்க.”

உம்மா உடைந்துபோவாள் என்று பயந்து றிஸ்னா அவள் தோளைப் பற்றினாள். நூருன்னிஸா அழவில்லை. திட்டவும் இல்லை. வெறுங்கையைச் சேலையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

தின்று முடித்த பூனை யாரும் தூக்காமலே பெட்டிக்குள் போய்ச் சுருண்டது.

“கூடு பழகிட்டு மாமி,” என்று சிரிக்கப் பார்த்தான் றினோஸ். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் தரையில் அமர்ந்து, பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால்வரை தடவினாள். வெகுநேரம் தடவினாள். பிறகு மருமகனின் களைத்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவனுக்கு மொளகுன்னு பேர் வைப்போம் மகன்.”