கீழ்த்தளத்தில் வெடிச்சத்தம்

“டப்” என்று கீழ்த்தளத்திலிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. டுவைட்டும் அவன் மனைவி வெர்னாவும் சோபாவுக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள்.

“நாலாவது குண்டு. எவனோ கீழ இருந்து சுடுறான்,” என்றான் டுவைட்.

“வெளிய ஓடிடலாம்யா.”

“அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் வாசலுக்கே போகணும். போலீசைக் கூப்பிடு.”

“போலீசையா?”

“உயிர் இருந்தாத்தானே மத்ததெல்லாம்.”

ஐந்தாவது சத்தத்தில் வெர்னா போனை எடுத்தாள். மேசைமேல் கிடந்த தபால் உறையைப் பார்த்து, ஒருவழியாக முகவரியைச் சொல்லி முடித்தாள்.

துப்பாக்கியோடு கீழே இறங்கிய போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே மேலே வந்தார். சட்டையெல்லாம் நுரை.

“வீட்டுல பீர் காய்ச்சுறீங்களா? சர்க்கரை கூடிப்போய், கேஸ் தாங்காம பாட்டில் ஒவ்வொண்ணா வெடிக்குது. மில்வாக்கியில பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம்தான். நானும் காய்ச்சுறேன்.”

டுவைட்டுக்கு மூச்சு வந்தது. “ஆமா சார், கை தவறிடுச்சு.”

“எப்ப பாட்டில்ல அடைச்சீங்க?”

“நேத்துதான் சார்.”

போலீஸ்காரரின் சிரிப்பு நின்றது. “நேத்து அடைச்சதுல இன்னிக்கு நுரைகூட வராதே. வெடிக்க வாரக்கணக்காகும்.”

அவர் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு தலையணை உறை நிறைய வெள்ளிக் கரண்டிகளும் நகைப்பெட்டியும் இருந்தன.

“இது யார் வீடு?”

வெர்னாவின் கண்கள் அந்தத் தபால் உறையைத் தேடின.