கன்னத்தில் அடக்கிய பல்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருப்பவள் மூன்றாம் முறையாகக் கேட்கிறாள். "பேரச் சொல்லுங்கம்மா." மகளை அணைத்தபடி நிற்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை. சந்தையில் நாள் முழுக்கக் கூவி விற்கிறவள். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்றே பெயர். இன்று அந்த ரேடியோவின் இடது கன்னத்துக்குள் மகளின் முன்பல் இருக்கிறது. ஊஞ்சல் இடித்து வேரோடு விழுந்த பல். இங்கே போன் செய்தபோது நர்ஸ், "தேய்க்காதீங்க, பால்ல போடுங்க. பால் இல்லேன்னா உங்க கன்னத்துல அடக்கிக்கிட்டு உடனே வாங்க" என்றிருந்தாள். மகளின் வாயில் ரத்தம் ஊறிய கைக்குட்டை. அம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறாள், பிறகு மகளின் வாயை. மேசைக்காரி பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உள்கதவைத் திறக்கிறாள். டாக்டர் நீட்டும் கிண்ணத்தில் அம்மா குனிந்து பல்லை மெதுவாக விடுகிறாள். அவர் வேரில் விரல் படாமல் எடுத்து, ஈறுக்குழியில் வைத்து அழுத்துகிறார். "நேரத்துக்கு வந்துட்டீங்க, பிடிச்சுக்கும்னு நம்பலாம். இனி நீங்க பேசலாம்மா." அம்மா வாயைத் திறக்கிறாள். மறுபடி மூடிக்கொள்கிறாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கன்னத்துக்குள் பல் இருந்த இடத்தை நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறாள்.